படுதா போட்ட ஜீப்பும் பொத்தான் அமுக்கும் கூரையும்

2020-ஆம் ஆண்டு காந்தி ஜெயந்தி அன்று மஹிந்திரா கம்பெனி புதிய தார் வண்டியை விற்பனைக்கு விட்டபோது, கையால் பின்னுக்கு மடித்துப்போடுகிற துணிக்கூரை வேண்டுமா, அசையாத கெட்டிக்கூரை வேண்டுமா என்பதை வாங்குகிறவர் விருப்பத்துக்கே விட்டிருந்தார்கள். குன்னூர் பெட்ஃபோர்டு பக்கத்து டீக்கடையில், மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, அந்த வாரம் முழுக்க இதே பேச்சு. என் அண்ணன் மகன் கெட்டிக்கூரைதான் எடுத்தான். “சித்தப்பா, ஏசி நிக்கணும், வண்டியத் தெருவுல விட்டுட்டு நிம்மதியாத் தூங்கணும், கொரங்கு வந்து கிழிக்கக் கூடாது” என்று மூன்று காரணம் சொன்னான். மூன்றும் நியாயமான காரணங்கள். குன்னூரில் குடியிருக்கிற யாரும் குரங்கைப் பற்றிய வாதத்துக்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. ஆனால் கூரை மடிகிற ஒரு வண்டியில் இந்த மலையில் வளர்ந்தவன் நான். அவன் வேண்டாமென்று விட்டது என்னவென்று அவனுக்கு ஒருநாள் உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்று அன்றே நினைத்தேன். அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எழுபதுகளில் அப்பா குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையில் ஒரு எஸ்டேட்டில் டீ மேக்கர். ஃபாக்டரிக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் ஒரு வில்லிஸ் ஜீப் நின்றது. 1947-இல் பம்பாயில் மஹிந்திராக்காரர்கள் பூட்டத் தொடங்கி, பிறகு நாட்டின் எல்லா மலைகளுக்கும் போய்ச் சேர்ந்த வகை. அது பெரிய துரை கள மேற்பார்வைக்குப் போகிற வண்டி. சம்பளப் பணம் கொண்டுவருகிற வண்டி. பிரசவ வலி கண்ட பெண்ணை லைன் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வண்டி. சனிக்கிழமை மாலை, துரையின் மனம் நன்றாக இருந்தால், எங்களைப் போன்ற ஸ்டாஃப் பிள்ளைகளைக் குன்னூர் மார்க்கெட் வரை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியும் அதுதான். அதன் கூரை முழுக்க படுதா. பச்சை என்று சொல்லிக்கொள்வார்கள், எனக்கு நினைவு தெரிந்த நாளில் அது எந்த நிறத்திலும் இல்லை.

படுதா போடுவது ஒரு வேலை. முதலில் வளைகம்பிகளை நிமிர்த்திக் குழாய்களில் செருக வேண்டும். பிறகு இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று துணியை இழுத்து விரித்து, முன் கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பில் மாட்டி, பின்பக்க வார்களைப் பக்கிளில் கோத்து இறுக்க வேண்டும். கடைசியில் பக்கவாட்டுத் திரைகளின் திருகு பொத்தான்கள். வெயிலில் சுளுவாக விழும் பொத்தான், நனைந்து சுருங்கிய துணியில் அரை அங்குலம் எட்டாமல் நின்று அழிச்சாட்டியம் பண்ணும். பருத்திப் படுதா நனைந்தால் நூல் பருத்து நெசவின் கண்கள் அடைத்துக்கொள்ளும், அதனால்தான் ஒழுகாது. ஆனால் உள்ளே உட்கார்ந்துகொண்டு எவனாவது விரலால் தொட்டால் தொட்ட இடத்தில் சொட்டத் தொடங்கிவிடும். “எவன்டா தொட்டது?” என்று டிரைவர் அண்ணன் திரும்பாமலே கேட்பார். பக்கத் திரைகளில் ஜன்னலுக்காகத் தைத்திருந்த செல்லுலாய்டு, நாள்பட நாள்பட மஞ்சளித்து, அதன் வழியே பார்த்தால் மழைநாளில்கூட மலை முழுவதும் சாயங்கால வெயிலில் நிற்பதாகத் தெரியும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதால், மழை விட்ட மறுநாள் ஃபாக்டரி முற்றத்தில் விரித்துக் காயப்போடுவார்கள். மண்ணெண்ணெயும் மெழுகும் பழைய மழையும் கலந்த அந்த வாசனை வந்துவிட்டால் நாங்கள் எல்லோரும் அங்கே கூடிவிடுவோம். அன்று ஜீப் மொட்டையாக நிற்கும், எப்படியாவது ஒரு சவாரி கிடைத்துவிடும்.

டிரைவர் அண்ணனுக்கு வானம் பார்க்கத் தெரியும். தெரியாமல் முடியாது. படுதா போட ஐந்து நிமிஷமாவது வேண்டும், குன்னூர் மழைக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று ஈரத்தை எல்லாம் அள்ளி வந்து எங்கள் சரிவில்தான் கொட்டும். நாங்கள் வெயிலில் போய்க்கொண்டிருக்கும்போதே அவர் சட்டென்று வண்டியை ஓரங்கட்டி, “தம்பி, எறங்கு. படுதாவப் போடுவோம்” என்பார். “வெயிலடிக்குதே அண்ணே?” என்றால், லாம்ஸ் ராக் பக்கம் மோவாயைக் காட்டுவார். பள்ளத்திலிருந்து வெள்ளையாக ஒன்று எழும்பி மரங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வரும். கடைசிப் பொத்தானைத் திருகவும் முதல் துளி விழவும் சரியாக இருக்கும். இன்று செல்பேசி எனக்கு மணிவாரியாக மழை சொல்கிறது. ஆனால் பள்ளத்தைப் பார்த்து மழையின் தூரத்தைக் கணக்கிட என் அண்ணன் மகனுக்குத் தெரியாது, கற்றுக்கொள்ள அவனுக்கு அவசியமும் வரவில்லை.

பெருமழையில் அவர் இன்னொன்றும் செய்வார். மரப்பாலம், காட்டேரிப் பக்கம் வரும்போது, நனைந்தாலும் பரவாயில்லை என்று தன் பக்கத்துத் திரையை மட்டும் கழற்றிவிடுவார். மேலேயிருந்து கல் உருண்டால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் காதுக்குக் கேட்கும் என்பது அவர் கணக்கு. 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மலை சரிந்து பெரும் உயிரிழப்பு நேர்ந்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தது அந்தத் திறந்த திரையும், தோள் முழுக்க நனைந்து, கழுத்தைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே ஓட்டிய அந்த மனிதரும்தான்.

திறந்த ஜீப்பில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வருவதைப் பற்றி நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. ஏறத்தாழ ஆயிரம் அடி உயரத்தில் தொடங்கி, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி, ஆறாயிரம் அடியில் குன்னூரில் முடிகிற பாதை. கல்லாற்றில் பாக்குத் தோப்பின் ஈர நிழல் மூக்குக்குத்தான் முதலில் தெரியும். பர்லியாற்றில் அரசுப் பழப்பண்ணையில் துரியன் பழுத்திருக்கும் மாதமென்றால் அது வளைவு வருவதற்கு முன்பே வந்து அறிவித்துவிடும். பலாவும் சேர்ந்துகொண்டால் வண்டியில் சிலர் துண்டால் மூக்கைப் பொத்துவார்கள், சிலர் கண்ணை மூடிக்கொண்டு இழுப்பார்கள். அதற்கு மேலே சட்டைக்குள் குளிர் நுழையும் இடம் ஒன்று உண்டு. எந்த வளைவு என்பது மாதத்துக்கு மாதம் மாறும், “இங்கதான், இங்கதான்” என்று நாங்கள் பந்தயம் கட்டுவோம். பிறகு யூகலிப்டஸ். பிறகு குன்னூரை நெருங்கும்போது ஏதாவது ஒரு ஃபாக்டரியில் கொழுந்து வாட்டுகிற அந்தப் பச்சை மணம். என்னைக் கண்ணைக் கட்டி உட்கார வைத்திருந்தால்கூட அன்று எந்த இடத்தில் இருக்கிறோம் என்று சொல்லியிருப்பேன். பக்கத்துச் சரிவில் மலை ரயில் பல்சக்கரத்தைக் கடித்துக்கொண்டு ஏறினால் எஞ்சின் பெருமூச்சுக்குச் சரியாக எங்கள் பேச்சும் நின்று நின்று போகும்.

வாசனையைவிடப் பெரியது இன்னொன்று: குரல். படுதா இல்லாத ஜீப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மலைக்கே தெரியும். சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் அக்காமார் தலை நிமிர்ந்து, “டீமேக்கரையா மகனா? அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?” என்று மேலேயிருந்து கேட்பார்கள், நாங்கள் கீழேயிருந்து கத்திப் பதில் சொல்வோம், அடுத்த வளைவில் திரும்பி அதே சரிவுக்கு மேலே வரும்போது பாதியில் விட்ட பேச்சு தொடரும். படுகர் ஹட்டியிலிருந்து வெள்ளைப் போர்வை போர்த்திக்கொண்டு இறங்கி வரும் பெரியவர் கையைக் காட்டினால் போதும், பின் இருக்கையில் நாங்கள் நெருக்கிக்கொள்வோம். திறந்த கூரை பயணியையும் மலையையும் பேச்சுவார்த்தையில் வைத்திருந்தது. அதன் அருமை அப்போது எனக்குத் தெரியாது. பின்னால் நின்றுகொண்டு, வளைகம்பி இல்லாத வெறுங்குழாயைப் பிடித்தபடி, காற்றில் முடி பறக்க, சினிமாவில் வருகிற கதாநாயகன் நானே என்று நம்பிக்கொண்டு வந்த பையன் அன்று நான். அவனை இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கட்டிக்கொள்ளவும் தோன்றுகிறது.

அந்தக் காலத்துத் தமிழ்ப் படங்களில் ஊட்டி என்றாலே ஒரு திறந்த கார் வரும். எங்கள் பகுதியில் அப்படி ஒரு கார் இருந்தது, எஸ்டேட் டாக்டரிடம். ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் ட்ரையம்ப் கம்பெனி 1959-இல் வெளியிட்ட காரை 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி செய்து விற்றது. இத்தாலியின் மிக்கெலோட்டி வரைந்த உடல். மற்றக் கார்களைப் போல் ஒரே கூடாகப் பற்றவைக்காமல் தனிச் சட்டத்தின் மேல் துண்டு துண்டாக முடுக்கியது. கூரையும் அப்படியே, போல்ட்டுகளில் நின்றது. டாக்டர் அதைக் கோவையில் ஒரு பட்டறையில் கழற்றிக் கொடுத்துவிட்டு, கூடாரம் தைக்கிற ஒரு டெய்லரிடம் துணிக்கூரை தைத்துக்கொண்டார். இப்படிச் செய்தவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல. நாட்டில் பல ஹெரால்டுகள் இந்த மாதிரித் தலையைத் திறந்துகொண்டன. அதே சட்டத்தைக் குறுக்கித்தான் ட்ரையம்ப் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரையே செய்தது, ஆகவே டாக்டரின் வண்டிக்கு ஸ்போர்ட்ஸ் கார் உறவு ரத்தத்திலேயே உண்டு. இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். துரையின் பெரிய கார் ஒருமுறை பின்வாங்கித் திரும்பும் எஸ்டேட் வளைவுகளில் ஹெரால்டு ஒரே வீச்சில் வளைந்து போகும். மங்கி குல்லாவும் மப்ளருமாக டாக்டர், பக்கத்தில் மருந்துப் பெட்டி. வண்டி நிற்பதற்கு முன்பே வீட்டு வாசலில் நிற்பவரிடம் நோய் விசாரிக்கத் தொடங்கிவிடுவார்.

அவர் படித்துவிட்டுக் கொடுக்கும் பழைய இங்கிலீஷ் மோட்டார் பத்திரிகைகளில்தான் இரும்புக் கூரையே மடிந்து டிக்கிக்குள் போய்விடும் அதிசயத்தை நான் முதலில் படித்தேன். அது நான் நினைத்ததைவிடப் பழைய யோசனை. பிரான்சில் ஜார்ஜ் பொலான் என்ற பல் மருத்துவர் முப்பதுகளின் தொடக்கத்திலேயே வரைந்து உரிமை பெற்று, 1934-இல் பேஜோ 401 எக்லிப்ஸ் காரில் அதை ஓடவும் வைத்துவிட்டார். பின்னர் அவர் நாஜிகளுக்கு எதிரான ரகசிய இயக்கத்தில் சேர்ந்து, 1942-இல் சுட்டுக்கொல்லப்பட்டார். அமெரிக்காவில் ஃபோர்டு 1957 முதல் 1959 வரை ஸ்கைலைனர் என்ற பெரிய காரில் இதைச் செய்து பார்த்தது. கூரையை மடிக்க மோட்டார்களும் ரிலேக்களுமாக 610 அடி வயர் அதற்குள் ஓடியது. அப்புறம் நெடுநாள் யாரும் பெரிதாகத் தொடவில்லை. 1996-இல் மெர்சிடிஸ் எஸ்.எல்.கே. வந்தது: சின்ன இரட்டை இருக்கைக் கார், ஒரு பொத்தான், இருபத்தைந்து வினாடி. கூரை மூடினால் வீடு, திறந்தால் வானம். துணிக்கூரையின் காலம் முடிந்தது என்றே எல்லோரும் பேசினார்கள். 2006-இல் மஸ்தாகூடத் தன் எம்.எக்ஸ்-5 காரில் கெட்டிக்கூரை வகையைக் கொண்டுவந்தது. 1989-இல் துணிக்கூரையோடு பிறந்து, அதனாலேயே உலகம் முழுவதும் கொண்டாடப்பட்ட கார் அது. 2009-இல் பி.எம்.டபிள்யூ. இசட்-4 துணியை விட்டு இரும்புக்கு மாறியது.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 2018-இல் அதே இசட்-4 மறுபடி துணிக்கூரைக்குத் திரும்பியது. 2021-இல் மெர்சிடிஸின் பெரிய எஸ்.எல். காரும் இருபது வருஷ இரும்பை உதறிவிட்டுத் துணிக்கு வந்தது. எஸ்.எல்.கே. வம்சம் அதற்குள் நின்றே போயிருந்தது. காரணம் எளிது. மடித்த இரும்புக்கு இடம் வேண்டும், டிக்கியில் பெட்டிக்கு இடமில்லாமல் போனது. கூரை என்பது வண்டியின் உச்சி. எடை அங்கே ஏறினால் வளைவில் வண்டி சாயத் துடிக்கும். எங்கள் கல்லட்டி மலைப்பாதையின் முப்பத்தாறு வளைவுகளை ஓட்டிய எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. கீல், மோட்டார், உணரி என்று கெட்டுப்போகக் கூடியவை பெருகின. இதற்கிடையில் துணியும் பழைய துணியாக இல்லை: பல அடுக்கு, நடுவில் குளிரும் சத்தமும் தடுக்கும் மெத்தை, பின்னால் மஞ்சளிக்காத நிஜக் கண்ணாடி. பத்து வினாடியில், வண்டி ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இசட்-4 தன் துணியை மடித்துக்கொள்கிறது.

எம்.எக்ஸ்-5 இந்தியாவுக்கு விற்பனைக்கு வரவேயில்லை. தங்கை மகன் இங்கிலாந்தில் ஒன்று வைத்திருக்கிறான், பீக் டிஸ்ட்ரிக்ட் மலைச்சாலையில் என்னை அழைத்துப் போனான். முன் கண்ணாடிக்கு மேலே நடுவில் ஒரே ஒரு கொக்கி. அதை விடுவித்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கையால் கூரையைத் தோளுக்குப் பின்னால் தள்ளினான், மோட்டார் ஏதும் இல்லை. சாரல் வந்தது, அதே கையால் முன்னுக்கு இழுத்தான். சிக்னலில் பச்சை விழுவதற்குள் இரண்டும் முடிந்திருக்கும். எங்கள் டிரைவர் அண்ணன் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். ஈரப் புல்லும் ஆட்டு மந்தையும் சேர்ந்த மணம் வந்தது, வேலியோரம் நடந்து போன ஒரு கிழவி கையசைத்தாள், நானும் அசைத்தேன்.

ஊட்டியில் ஒரு மே மாதம் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். சேரிங் கிராஸ் அருகே வெளிநாட்டுக் கார் ஒன்று, மடியும் இரும்புக் கூரை வகை, வானத்தைப் பார்த்தபடி நின்றிருந்தது. கோடை மழை திடீரென்று பிடித்தது. ஓட்டி வந்தவர் பொத்தானை அமுக்கினார். கூரை எழுந்து, பாதி வழியில், நிமிர்ந்த நிலையில் நின்றுவிட்டது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. உள்ளே பிள்ளைகள், தோல் இருக்கைகள், நல்ல மழை. மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போக கேரட் ஏற்றி நின்ற லாரியின் கிளீனர் தம்பி மேலே ஏறி, மடித்து வைத்திருந்த இன்னொரு தார்ப்பாயை உருவிக்கொண்டு வந்தான். நாலு பேர் நாலு மூலை பிடித்துக் கட்டினோம். கயிறு கட்டுகிற விதம் என் கைக்கு மறக்கவே இல்லை. அந்த மனிதர் நனைந்த சட்டையோடு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார், அரை மணி நேரம் நல்ல பேச்சு. கூரை ஒழுங்காக மூடியிருந்தால் அவர் பேர்கூட எங்களுக்குத் தெரிந்திருக்காது.

இன்று மலைக்கு வருகிற வண்டிகளைப் பார்க்கிறேன். 2024 மே முதல் இ-பாஸ் இல்லாமல் வெளி வண்டி ஏற முடியாது. கூட்டத்தைப் பார்க்கிற எங்களுக்கு அது தேவை என்றே படுகிறது. பாஸைக் காட்டக் கண்ணாடி ஒரு சாண் இறங்கும், உடனே ஏறிவிடும். வெளியே பதினெட்டு டிகிரி, உள்ளே ஏசி. பாக்குத் தோப்பு, துரியன், யூகலிப்டஸ், வாட்டுகிற கொழுந்து எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். இதற்கிடையில் வானத்தின் மேல் ஆசை மட்டும் போய்விடவில்லை. 2024 சுதந்திர தினத்தன்று வந்த ஐந்து கதவு தார் ராக்ஸில் துணிக்கூரையே கிடையாது, மேல்ரகங்களில் பெரிய கண்ணாடி சன்ரூஃப் உண்டு. இப்படிப்பட்ட வண்டிகளின் சன்ரூஃபிலிருந்து பிள்ளைகள் இடுப்பு வரை வெளியே நின்றுகொண்டு கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்துக் கூவிக்கொண்டு போகிறார்கள். அந்தக் கூவலில் இருக்கும் சந்தோஷம் எனக்கு நன்றாகத் தெரியும், நானே ஒரு காலத்தில் கூவியதுதான். ஆனால் அது வழுக்குகிற வளைவில், எதிரே பஸ் வரும் சாலையில். ஒரு பிரேக்குக்குத் தாங்காது. எங்கள் ஜீப் இருபது கிலோமீட்டர் வேகத்தில் உருண்ட காலம் வேறு.

கெட்டிக்கூரை கெட்டது என்று நான் சொல்லவில்லை. வயதானவர்களுக்கு, நோயாளிக்கு, விடிகாலை உறைபனியில் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டியவர்களுக்கு அது வேண்டும்; எங்கள் ஜீப்பில் குளிரில் நடுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி போன பெண்களுக்கு அது கிடைத்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் மலையைப் பார்ப்பதற்கென்றே ஒரு வண்டி எடுக்கிறவர், இரண்டும் கைக்கெட்டுகிற விலையில் இருந்தால், துணிக்கூரையைத்தான் எடுக்க வேண்டும். உலகின் பெரிய கார்க் கம்பெனிகள் கோடிக்கணக்கில் செலவழித்துச் சுற்றிவந்து சேர்ந்த முடிவும் அதுதான்.

எஸ்டேட் கொட்டகைகளில் இன்னும் பழைய ஜீப்புகள் கிடக்கின்றன. வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தகரம் அடித்துக் கூரை பற்றவைத்துவிடாதீர்கள், வளைகம்பிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். படுதா தைக்கிற கை தெரிந்தவர்கள் கோவையிலும் மேட்டுப்பாளையத்திலும் இன்னும் இருக்கிறார்கள். வேலை கொடுத்தால்தான் இருப்பார்கள். கெட்டிக்கூரை வண்டியில் வருகிற மற்றவர்கள் பிள்ளைகளை உள்ளே உட்கார வையுங்கள், கல்லாறு செக்போஸ்ட் தாண்டியதும் ஏசியை அணைத்துவிட்டு நாலு கண்ணாடியையும் முழுக்க இறக்குங்கள். சரிவில் கொழுந்து எடுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்த்தால் ஒரு வார்த்தை பேசுங்கள்.